உன் அத்தை பசிக்குது என்று சொன்னாள்

உன் விமலா அத்தை பசியோடு செத்தாள். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைப் பசியை வென்றவள் என்று எழுதினாய்.

இதை உனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். அம்மா நான் நேற்று சாயங்காலம் போனில் சொல்லத்தான் செய்தேன்; நீ பாதியில் வைத்துவிட்டாய். உன் கவிதையோ ஒளிந்திருக்கவில்லை. செஞ்சியைச் சுற்றி நம் உறவுக்காரர்கள் இருக்கிற எல்லா ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் பதினொரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வல்லத்தில் ஒரு வீட்டில் அதை லேமினேட் செய்து கட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் சுசீலா என்கிற அம்மா ஒன்பது நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். அவருக்கு என்ன என்று இதுவரை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. உன் கவிதை பொதுவில் இருப்பதால் என் பதிலும் பொதுவில் இருக்கட்டும். நான் வேலை செய்யும் மெடிக்கல் ஷாப்பின் கவுண்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாத்திரை கேட்டு ஆள் வந்தால் நிறுத்துவேன், போனதும் தொடருவேன். கோர்வை இருக்காது. கோர்வையாக எழுதுவது உன் வேலை.

நம் வீட்டு வழக்கம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நாம் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். அஷ்டமி, சதுர்த்தசி என்றால் வீட்டில் யாராவது ஒருவர் உபவாசம் இருப்பார். மழைக்கால நான்கு மாதத்துக்கு ஒருத்தி தயிரை விட்டிருப்பாள், ஒருத்தி கத்தரிக்காயை விட்டிருப்பாள். எதை விட்டேன் என்று யாரும் அறிவிப்பதில்லை. தட்டின் முன்னால் ‘வேணாம்’ என்றால் முடிந்தது. இரண்டாம் முறை கேட்கக் கூடாது. கேட்டு, கெஞ்சி, அவர்கள் மனம் மாறிச் சாப்பிட்டுவிட்டால் விரதத்தைக் கெடுத்த பாவம் கேட்டவளுக்கு. என் பிறந்த வீட்டிலும் இதேதான். மற்றவர்கள் வீட்டில் விருந்தாளியை வற்புறுத்திச் சாப்பிட வைப்பதைப் பார்க்கும்போது, நாம் எவ்வளவு நாசூக்கானவர்கள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்த நாசூக்குக்குள்ளே ஒரு மனுஷி ஐந்து மாதம் தன் நோயை வைத்திருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ‘வேணாம்’ என்றாள். நாங்கள் மரியாதையாகத் தட்டை எடுத்துக்கொண்டோம். அந்த மரியாதையில்தான் அவள் செத்தாள்.

அவள் உன் நைனாவின் அக்கா, மூன்று வயது மூத்தவள். புருஷன் போனதும் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். வேர்க்கடலை மூட்டை போடுகிற அறையை அவளுக்குக் கொடுத்தோம். “ரெண்டு மூட்டைய நவுத்தினா போதும், எனக்கு எவ்ளோ எடம் வேணும்?” என்று அவளே சொன்னாள். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏழு வருஷம் அப்படியே இருந்தாள். பிறகு, உனக்குப் பதினைந்து வயதில், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ நாலு வரி எழுதினாய். எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் மதியம் உண்டு, அத்தை அறையில் மட்டும் எப்போதும் பல்பு. அவ்வளவுதான். கையெழுத்துப் போட நோட்டை வாங்கிய உன் நைனா அதைப் படித்துவிட்டார். “வூட்டு மானத்த நோட்டுல எழுதி வெச்சிருக்கான் பாரு” என்று என்னிடம்தான் கத்தினார். மறுநாள் கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். அத்தை அந்தப் புது ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? “ஏண்டா, ஒம் பாட்டால வந்த வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. இப்ப ஒரு கர்ட்டன் பாட்டு எழுதுடா.”

கவிதை மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்த வீட்டில் நான், உன் நைனா, வந்துபோகிற உன் பெரியப்பா எல்லோரும் அந்த அறையைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். யாருக்கும் தெரியாத ரகசியத்தை நீ கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை, யாரும் சொல்லாததை, நீ சொன்னாய். சொன்னதும் அதைத் தாங்க முடியாமல் ஒரு சுவர் உடைந்தது. உன்னிடம் அந்தச் சக்தி இருக்கிறது என்று அன்றே தெரிந்துகொண்டேன். அதே கையால்தான் பிறகு சுவரை எழுப்பினாய்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம், தை மாதம், கடையில் நல்ல கூட்டம். உன் அத்தை வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். வீட்டில் கேட்காமல் ஏன் கடைக்கு வந்து கேட்டாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். வீட்டில் கேட்டால் நாத்தனார் கேட்பதாக இருக்கும். கடையில் கேட்டால் ஒரு மனுஷி கேட்பதாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. தன் முறை வந்ததும் மார்க்குழியில் ஒரு விரலை வைத்தாள்.

“ஏம்மா, முழுங்கறப்ப இங்க இன்னமோ நிக்குது.”

“சோறா, தண்ணியாக்கா?”

“சோறுதான். தண்ணி போவுது.”

“கேஸா இருக்கும். வெறும் வயித்துல கெடக்காதீங்கன்னா கேக்குறதில்ல” என்று சொல்லி ரோஸ் கலர் மருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தேன்.

“நாத்தனாருக்கும் பில்லு போடுவியா?” என்று சிரித்தாள்.

“போங்கக்கா, பின்னாடி ஆளு நிக்கிறாங்க.”

இந்தக் கவுண்டரில் எனக்குப் பதினைந்து வருஷம். சோறு நிற்கிறது, தண்ணீர் போகிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால், எத்தனை நாளாக, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டிருப்பேன். பாட்டிலைக் கொடுக்காமல் முதலில் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன், பல பேருக்கு. என் வீட்டு மனுஷிக்குச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை “ஜாக்கெட்டு லூசா இருக்குது, புடிச்சித் தாயேன்” என்று கொடுத்தாள். பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கையில் ஊசி இருந்தது, கண்ணெதிரே அவள் உடம்பு இருந்தது. கேட்கவில்லை. விரதம் இருக்கிறவர்கள் இளைப்பது இயற்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வருஷம் உன் பெரியப்பாவுக்கு ஒருநாள் பஜ்ஜி தின்று நெஞ்சை அடைத்தது. முக்கால் மணி நேரத்தில் வாசலில் கார் நின்றது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய், ஈசிஜி எடுத்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை, கேஸ்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் நெஞ்சைப் பிடித்தபோது விரதமாக இருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு நெஞ்சடைத்தால் அது நோய். பெண்ணுக்குத் தொண்டை அடைத்தால் அது பக்தி. நம் சனங்களில் சாப்பிடாமல் கிடந்து பெயர் வாங்கிய பெண்களை வரிசையாக எண்ணிப் பார். எத்தனை பேர் விதவைகள், எத்தனை பேர் பின்னறையில் இருந்தவர்கள் என்றும் சேர்த்து எண்ணு. நீ தத்துவம் படிக்கிறவன். எண்ணத் தெரியாமல் போகாது.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு பெரியப்பா வந்தார். கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “விமலாவ இன்னான்னு நெனச்சீங்க? அவ சல்லேகனைக்குப் போயிட்டா. இனிமே அவ நம்ம வூட்டுப் பொண்ணு மட்டுமில்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையில் வீட்டின் காற்றே மாறிவிட்டது. அதுவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த உன் நைனா வாயை மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். காலைத் தொட்டார்கள். கும்பிட்டவர்களை அவளும் திருப்பிக் கும்பிட்டாள். பாவம், அவள் வேறு என்ன செய்வாள்? யார் கும்பிட்டாலும் திருப்பிக் கும்பிடுகிற பழக்கம் அவளுக்கு. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

திரித்துப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சல்லேகனையை நான் பழிக்கவில்லை. சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த ஒருவர், தெளிந்த புத்தியோடு, குருவிடம் கேட்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, தானே அறிந்து உணவை விடுவது அது. என் பாட்டனார் வழியில் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார். அவர் பேச்சு வந்தால் இன்றும் கைகூப்புகிறேன். உன் அத்தை யாரிடமும் கேட்கவில்லை. யாரும் அவளிடமும் கேட்கவில்லை. அவளால் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். அது என்ன நோய் என்று எனக்கு இன்றும் தெரியாது. பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு கதை கட்டுவதாகிவிடும். பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். நீ சென்னையிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நம் தெருவில் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டால் பொழுது சாய்ந்ததாகக் கணக்கு. பஞ்சாங்கப்படி இன்னும் அரை மணி நேரம் இருக்கும், வானம் வெளிச்சமாகவே இருக்கும், ஆனால் நம் தெரு அடுப்பை அணைத்துவிடும். மலை மறைப்பதும் சூரியன் மறைவதும் ஒன்றல்ல என்று சின்ன வயதில் நீயே உன் நைனாவிடம் வாதாடியிருக்கிறாய். அன்று மலைக்குப் பின்னால் சூரியன் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ அறை வாசலில், நிலையில் சாய்ந்து நின்றாய். அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஏம்மா, பசிக்குது.”

எனக்குக் கேட்டது. ஆனாலும் “இன்னாக்கா?” என்றேன்.

“பசிக்குதும்மா. கஞ்சித் தண்ணி இருந்தா கொஞ்சம் குடு.”

நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். சமையலறைக்குப் போக வேண்டுமானால் கூடத்தைத் தாண்ட வேண்டும். கையில் கஞ்சி டம்ளரோடு அந்தப் பதினைந்து பேருக்கு நடுவே திரும்பி வர வேண்டும். பெரியப்பா கேட்பார். என்னால் முடியவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. தொண்டையில் இறங்காது, புரையேறிவிடும் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த நிமிஷம் அதையெல்லாம் நினைக்கவில்லை. “பொழுது போயிடுச்சிக்கா, காலையில தரேன்” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பி, அங்கே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.  காலையில் கஞ்சியோடு போனேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று கூடத்தில் நின்று நீ கவிதையைப் படித்தாய். பசி அவள் வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லாமல் திரும்பிப் போனது என்று ஒரு வரி. நல்ல வரி. கூடம் முழுக்க அழுதது. நானும் அழுதேன். ஏன் அழுதேன் என்று சொல்லட்டுமா? எனக்கு நிம்மதியாக இருந்தது. பசி திரும்பிப் போய்விட்டது என்றால் நான் கஞ்சி கொடுக்காததும் இல்லாமல் போகிறது. என் குற்றத்தை நீ அழகாகக் கழுவிவிட்டாய். நன்றியில் அழுதேன். உன் முகத்தையும் பார்த்தேன். அந்த வரிக்கு வந்தபோது நீ என் பக்கம் திரும்பவில்லை.

அத்தை திருநாதர்குன்றில் சொன்னதை நினைத்துப் பார். உனக்குப் பத்து வயது. நாம் மூவரும்தான் ஏறினோம், உன் நைனா கீழே நின்றுவிட்டார். பாறையில் வெட்டியிருந்த பழைய எழுத்தை ஒருவர் படித்துச் சொன்னார். இத்தனை நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட ஒரு துறவியின் பெயர், நாளின் எண்ணிக்கை, இதுதான் அந்த இடம் என்பது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. உனக்கு ஏமாற்றம். “அவ்ளோதானா? அவருக்குப் பசிச்சிதா, எப்டி இருந்துச்சின்னு போடலியா?” என்றாய். அத்தை மூச்சு வாங்கியபடி பாறையில் உட்கார்ந்து, “பசிச்சிதா இல்லியான்னு அவருதான்டா சொல்லணும். கல்லு வெட்னவன் எப்டிச் சொல்லுவான்?” என்றாள். அன்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல் வெட்டியவன் தனக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டான். உன் விஷயம் அதைவிட மோசம். உனக்கு அவளே சொல்லியிருந்தாள். அதை வெட்டி எறிந்துவிட்டு வேறொன்றை எழுதினாய்.

நீ இப்படி ஆனதில் என் கை இருக்கிறது. ஏழாம் வகுப்பில் அம்மாவின் கைகள் என்று ஒரு கவிதை எழுதிப் பரிசு வாங்கினாய். என் கையில் எப்போதும் மஞ்சள் வாசனை என்று எழுதியிருந்தாய். என் கையில் எப்போதடா மஞ்சள் வாசனை இருந்தது? டிஞ்சர் வாசனைதான் இருந்தது. அந்தக் கையால் சோறு பிசைந்து கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். பரிசு மேடையில் நீ படித்தபோது எனக்கு அது பொய் என்று தெரிந்தது. கை தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் என் பையன் என்று சொல்லிக்கொண்டேன். டிஞ்சர் என்று எழுதுடா, அதுதான் நான் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் மஞ்சள் வாசனை வரும் அம்மாவாக இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. பிறரைப் பற்றி அவர்கள் கேட்க விரும்புவதை எழுதினால் மேடை கிடைக்கும் என்று நீ கற்றுக்கொண்டாய். கற்றுக்கொடுத்தவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வல்லத்துக்கு வருகிறேன். முந்தாநாள் ஒரு பெண் கடைக்கு வந்து பஞ்சும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கேட்டாள். யாருக்கு என்று விசாரித்தேன். “எங்க அத்தைக்குக்கா. விரதத்துல இருக்காங்க, ஒங்க விமலாம்மா மாதிரியே. ஒங்க புள்ள எழுதனத படிச்சிக் காட்னோம், அழுதாங்க” என்றாள்.  நேற்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறிப் போனேன். சுசீலாம்மாவுக்கு அறுபதுகூட ஆகவில்லை. ஒரே மகன் தரணேந்திரன், சொந்த நிலத்தில் நெல் பயிர் வைக்கிறவன், நல்லவன், அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவன். தலைமாட்டில் உன் கவிதை. சுற்றிலும் ரோஜாப்பூ படம் போட்டிருந்தார்கள்.

நான் கட்டிலில் உட்கார்ந்து, “எங்கம்மா வலிக்குது?” என்றேன்.

கடைக்கு வந்திருந்த அந்த மருமகள் பதறிப்போய், “அக்கா, கேக்கக் கூடாதுக்கா, விரதம்” என்றாள்.

சுசீலாம்மா கையைத் தூக்கி ஒரு விரலை மார்க்குழியில் வைத்தார். அதே இடம்.  “டாக்டராண்ட போலாமாம்மா?” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொன்னது என்று நான் எழுத மாட்டேன். உன்னைத் திட்டிக்கொண்டு அதே தப்பை நான் செய்யக் கூடாது. மகன் முகத்தைப் பார்த்தார் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

தரணேந்திரன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். “நீங்க மெடிக்கல்ல வேல செய்றீங்கக்கா, ஒங்களுக்கு எல்லாமே நோயாத்தான் தெரியும்” என்றான்.

“எங்க வூட்ல நடந்தது விரதமில்லப்பா. அவங்களால முழுங்க முடியல. கடைசியில பசிக்குதுன்னு கேட்டாங்க. நான் குடுக்கல.”

“இன்னாக்கா இப்டிப் பேசறீங்க? ஒங்க நாத்தனார் பேருக்கு ஊரே கும்புடுது. எங்கம்மாவுக்கு அந்தப் பேரு வந்துடக் கூடாதுன்னா? புண்ணியம் ஒங்க வூட்டுக்கு மட்டும்தானா?”

“தம்பி, அவனப் பெத்தவ நான் சொல்றேன். அந்தப் பாட்டு பொய்யி.”

அவன் வாசலில் கிடந்த மண்வெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தான். கண் கலங்கியிருந்தது. “ஒங்க புள்ள படிச்சவரு, கூட இருந்து பாத்தவரு. அவரு வந்து எங்கம்மா முன்னாடி நின்னு, எழுதனது பொய்யின்னு சொல்லட்டும். நானே எங்கம்மாவத் தூக்கிக் கார்ல வெக்கிறேன். நீங்க சொல்றத வெச்சி, நான் எங்கம்மா விரதத்தக் கெடுத்த பாவத்த ஏத்துக்க முடியாது” என்றான்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அவனிடத்தில் இருந்திருந்தால் அவன் அளவுக்குக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். மருமகள் பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள். “பொழுது போறதுக்குள்ள ஒரு நாளிக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி எறங்குதுக்கா. நாளையோட அதுவும் நின்னுடும்னு பயமா இருக்குது” என்று மெதுவாகச் சொன்னாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் உனக்குப் போன் செய்தேன்.

நீ சொன்னதையும் எழுதிவிடுகிறேன், உன் பக்கத்தை மறைத்தேன் என்று இருக்கக் கூடாது. “அம்மா, நடந்தது வேற, உண்மை வேற. நீ ரெண்டையும் போட்டுக் கொழப்புறே” என்றாய். “நம்மகிட்டயே அநேகாந்தம் இருக்குதே. ஒரு பக்கத்துலேந்து பாத்தா அத்தைக்குப் பசி. இன்னொரு பக்கத்துலேந்து பாத்தா அவங்க வாழ்க்க பூரா பசியத் தாண்டிதான் வந்தாங்க. நான் அத எழுதுனேன்” என்றாய். கடைசியாக, “நீ குடுக்காத நல்ல சாவ நான் அத்தைக்குக் குடுத்தேன்மா” என்று சொல்லிவிட்டு வைத்தாய். கடைசி வாக்கியம் என்னை அடிப்பதற்காகச் சொன்னது. அடி பட்டது. பட்ட பிறகும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். ஆனால் அநேகாந்தத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, வீட்டில் கேட்டு வளர்ந்தேன். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, நான் பார்ப்பது அதில் ஒன்றுதான், அதனால் அடக்கமாகப் பேசு என்று பேசுகிறவனின் நாக்கைப் பிடிக்க வந்தது அது. நீ அதை மாற்றி, பேசுகிறவன் தனக்குப் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொண்டு தப்பித்துப் போக வழியாக்கிவிட்டாய். பல பக்கம் என்றால் எல்லாப் பக்கத்தையும் சொல்ல வேண்டுமடா. உன் கவிதையில் இருபத்தாறு வரி. நேற்று அந்தக் கட்டில் பக்கம் நின்று எண்ணினேன். அவள் பக்கம் எந்த வரியில் இருக்கிறது? நமக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம். பசித்துக் கிடந்தவளுக்கு அன்று ஒரு பக்கம்தான் இருந்தது. அதை இரண்டு வார்த்தையில் தெளிவாகச் சொன்னாள்.

நடந்ததைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு என்கிறாய். இருக்கலாம். எனக்கு அதைப் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெரிய உண்மைக்கு ஏறிப் போகிற வழியில் நடந்ததை மிதித்துத்தான் போக வேண்டும் என்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பல்பு எரிகிற அறையைப் பற்றி எழுதியபோது நீ எதையும் மிதிக்கவில்லை. இருந்ததைச் சொன்னாய், அதற்கு மேல் எங்களை எல்லாம் யோசிக்க வைத்தது அந்த நாலு வரியின் வேலை. தத்துவம் உன்னைக் கேள்வி கேட்க வைத்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும், நான் எதை விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்க வேண்டும். உனக்கு அது விட்டதற்குச் சமாதானம் சொல்லித் தருகிறது. அத்தைக்கு நல்ல சாவைக் கொடுத்தேன் என்கிறாயே, செத்தவளுக்கு நீ ஒன்றும் கொடுக்கவில்லை. எங்களுக்குத்தான் கொடுத்தாய். எனக்கு, உன் நைனாவுக்கு, உன் பெரியப்பாவுக்கு, உனக்கு. நாங்கள் எல்லோரும் அதைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினோம். அந்தப் போர்வையைத்தான் இப்போது சுசீலாம்மா மேல் போட்டிருக்கிறார்கள்.

அவர் விரதம் உண்மையாகவே இருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் டாக்டர் பார்த்த பிறகும் அது விரதமாகவே இருக்கும். அவர் தெளிவாகச் சொல்லட்டும், குரு வந்து கேட்கட்டும். நான் காலில் விழுந்துவிட்டு வந்துவிடுகிறேன். கேட்காமல் விடமுடியாது. இன்னொரு முறை கேட்காமல் விட என்னால் ஆகாது.

உன் நைனா நேற்றே சொல்லிவிட்டார்: “இத எழுதினா நம்ம சனங்க மூஞ்சில முழிக்க முடியாது. அண்ணன் வூட்டுப் படி ஏற மாட்டாரு.” ஏற வேண்டாம். உனக்குப் பயம் என்ன என்றும் எனக்குத் தெரியும். இத்தனை பேர் அழுதது பொய்க்கு என்று ஆகிவிடும், இனி நீ எழுதுவதை யார் நம்புவார்கள் என்பதுதானே? நம்பாமல் போகலாம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

காலை ஏழு மணிக்கு ‘கெளம்பிட்டியா’ என்று உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. எட்டரைக்கு மறுபடி அனுப்பினேன். அதையும் பார்த்திருக்கிறாய். இப்போது மணி பதினொன்று. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. இதைப் போட்ட பிறகு பெரியப்பா கூப்பிடுவார், உறவு முழுக்கக் கூப்பிடும். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு மேல் செஞ்சியில் இறங்கலாம். நான் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நிற்பேன். பொழுது இருக்கும்போதே வல்லம் போய்விடலாம். அங்கே கவிதை சொல்ல வேண்டாம், தத்துவம் பேச வேண்டாம், என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். அம்மா கஞ்சி கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல். அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில், தரணேந்திரன் முன்னால் நின்று, அன்று சாயங்காலம் நிலையில் சாய்ந்து நின்றபோது உன் காதில் என்ன விழுந்தது என்று மட்டும் சொல்.

எத்தனை மணி பஸ்ஸில் வருகிறாய்? சொல்.